சட்டைவஸ், சட்டைவா, சட்டைவம்

அன்புள்ள ஐயா,
பதினோராம் வகுப்பில் தாவரவியல் படிக்கிறேன். முள்ளங்கி ரஃபானஸ் சட்டைவஸ், நெல் ஒரைசா சட்டைவா, கொத்தமல்லி கொரியாண்ட்ரம் சட்டைவம். ஒரே சொல் ஏன் மூன்று விதமாக முடிகிறது? மாற்றி எழுதி மதிப்பெண்ணை இழக்கிறேன். அதன் பொருள்தான் என்ன?
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நல்ல கேள்வி. இதை வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தால் பாதி மனப்பாடச் சுமை குறைந்துவிடும்.

லத்தீனில் ‘செரெரே’ என்றால் விதைத்தல். ‘சாத்துஸ்’ விதைக்கப்பட்டது. அதிலிருந்து வந்த பெயரடை ‘சதீவுஸ்’. நம் வகுப்பறை உச்சரிப்பில் சட்டைவஸ். காட்டில் தானாக முளைக்காமல் மனிதர் விதைத்து வளர்ப்பது என்று பொருள். விதைப்பைக் குறிக்கும் ‘சதியோ’வும் இதே வேர்தான். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘சீசன்’ ஆனது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா என்று கேட்கிறோமே, அதே சீசன்!

ஆனால் ‘விதைத்தது’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குங்குமப்பூவின் பெயரும் குரோக்கஸ் சட்டைவஸ்தான். அந்தச் செடிக்கு மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருப்பதால் விதையே பிடிக்காது. கிழங்கைப் பிரித்துத்தான் நடுகிறார்கள். ஆகவே ‘பயிரிடப்படுவது’ என்று கொள்வதே சரி.

இனி ஈறு, அதாவது சொல்லின் முடிவு. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம்: தமிழில் ‘நல்ல’ மாறுவதில்லை. லத்தீனில் பெயரடை, தான் சேரும் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப மாறும். ரஃபானஸ் ஆண்பால், ஒரைசா பெண்பால், கொரியாண்ட்ரம் அலிப்பால். செடியில் ஆண் பூ, பெண் பூ இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது சொல்லின் பால் மட்டுமே.

பேரினம், அதாவது இரட்டைப் பெயரின் முதல் சொல், மாறினால் ஈறும் மாறும். கேழ்வரகுக்கு 1759-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் சைனோசூரஸ் கொரகானஸ். 1788-இல் கேர்ட்னர் என்ற தாவரவியலாளர் அதை எலூசின் என்ற பேரினத்துக்கு மாற்றினார். எலூசின் பெண்பால் என்பதால் கொரகானஸ், கொரகானா ஆயிற்று. லத்தீன் ஈற்றைக் கழற்றிப் பாருங்கள்: இலங்கையில் சிங்களவரும் தமிழரும் சொல்லும் அதே குரக்கன்!

மதிப்பெண் போகாமலிருக்க, பேரினப் பெயரோடு அதன் பாலையும் சேர்த்துப் படியுங்கள். பெரும்பாலும் ஈறே காட்டிக்கொடுத்துவிடும். மரங்களிடம் மட்டும் கவனம் தேவை. அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா, ரிலிஜியோசஸ் அல்ல. லத்தீனில் மரப்பெயர்கள், ‘அஸ்’ என்று முடிந்தாலும், பெரும்பாலும் பெண்பால்தான்.