கைக்குள் அடங்கும் குட்டி வேண்டாம்

செல்லப்பிராணி: கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும், 72 வயது மாமியாரும் இருக்கிறார்கள். மகள் யார்க்‌ஷயர் டெரியர் (யார்க்கி) நாய்க்குட்டி கேட்கிறாள். ஒருவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் குட்டியின் படத்தை அனுப்பி, "டீ கப் யார்க்கி, ஆறு வாரக் குட்டி, இன்றே முன்பணம் அனுப்புங்கள்" என்கிறார். வாங்கலாமா? நம் ஊர் வெயிலைத் தாங்குமா?

பதில்: முன்பணம் அனுப்பாதீர்கள். யார்க்கி வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குட்டி வேண்டாம்.

'டீ கப்' என்று ஓர் இனமே கிடையாது. நன்றாக வளர்ந்த யார்க்கியே மூன்று கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அதையும் குறைத்துக் காட்ட நினைப்பவர்கள் நலிந்ததை நலிந்ததோடு சேர்க்கிறார்கள். இல்லையென்றால் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்து, வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியே சொல்கிறது. உங்களிடம் பேசியவர் ஆறு வாரம் என்று தாமே ஒப்புக்கொள்கிறார்.

ஒரு மார்கழிக் காலையில் இளம் தம்பதி ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். தராசில் 400 கிராம். முதல் நாள் இரவு சாப்பிடவில்லை, "தூங்குகிறது என்று நினைத்தோம்" என்றார்கள். அது தூக்கமில்லை. இவ்வளவு சிறிய உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடமில்லை. சில மணி நேரப் பட்டினியிலேயே மயக்கம், வலிப்பு வந்துவிடும். குளுக்கோஸ் ஏற்றினோம். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அந்தப் பெண் மறுபடி மறுபடி, "நாங்கள் என்ன தப்புச் செய்தோம்?" என்று கேட்டார். தப்பு அவர்கள் வாங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. எந்த யார்க்கிக் குட்டியை வாங்கினாலும் நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை கொடுங்கள். தள்ளாடினால் பல் ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

குட்டியை நேரில் போய்ப் பாருங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். குட்டியைத் தரையில் நடக்க விடுங்கள். நாலு எட்டுக்கு ஒருமுறை பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினால், முழங்கால் சில்லு நழுவுகிறது என்று சந்தேகப்படலாம். சிறிய இனங்களில் இது அதிகம்.

வெயிலைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். யார்க்கிக்கு மேல்முடிக்குக் கீழே அடர்ந்திருக்கும் அடிமயிர் கிடையாது, மூக்கும் சப்பையில்லை. பக், ஷீட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் படுகிற பாட்டை இது படாது. ஆனாலும் சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். குட்டையாகக் கத்தரிக்கலாம், மொட்டை அடிக்கக் கூடாது. கழுத்தில் பட்டை கட்டி இழுக்கவே வேண்டாம், மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை வாங்குங்கள். இவற்றின் மூச்சுக்குழாய் மெலிதானது. வாத்து கத்துவது போல இருமினால் அது சளி என்று விட்டுவிடாதீர்கள்.

பல்லைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஏழாவது மாதத்தில் வாயைத் திறந்து பாருங்கள். கோரைப்பல் இரண்டிரண்டாக நின்றால் பால்பல் விழவில்லை என்று பொருள், அதை எடுத்துவிட வேண்டும். தினமும் நாய்க்கான பற்பசையால் தேய்த்துவிடுங்கள்.

மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய் என்று மட்டும் நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், நெசவாலைத் தொழிலாளர்கள் எலி பிடிக்க வளர்த்த வம்சம் இது. இரண்டாம் உலகப் போரில் ஓர் அமெரிக்க வீரர் நியூ கினியில் வளர்த்த ஸ்மோக்கி என்ற யார்க்கி இரண்டு கிலோகூட இல்லை. பிலிப்பைன்ஸில் விமான ஓடுதளத்துக்கு அடியில் போன 70 அடிக் குழாய்க்குள் புகுந்து, தந்திக் கம்பியை மறுமுனைக்கு இழுத்துச் சென்றது. அந்தத் துணிச்சல் உங்கள் சோபாவிலிருந்தும் குதிக்கும். எலும்போ பென்சில் பருமன்தான். அப்படி முன்னங்கால் ஒடிந்து வருகிற குட்டிகளை வருடந்தோறும் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மகள் ஆசைப்படுவது இருக்கிறது. மாமியார் என்ன நினைக்கிறார் என்பது இல்லை. பகல் முழுவதும் அந்த நாயோடு இருக்கப்போகிறவர் அவர்தான். காலைச் சுற்றும் குட்டி தடுக்கி அவர் விழுந்தால் இருவருக்கும் ஆபத்து. குட்டிக்கு ஒரு சிறிய மணியைக் கட்டிவிடுங்கள். பாசத்தில் அவர் ஊட்டக்கூடிய பாயசத்தில் இருக்கும் உலர் திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாம்பார் வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும். தயிர்சாதம் மட்டுமே போட்டால் புரதம் போதாது. இதையெல்லாம் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் மனதாரச் சரி என்றால், பத்து வாரக் குட்டியாகத் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் பத்து மாத ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாய் பூந்தொட்டிகளை எல்லாம் தோண்டிவிடுகிறது. அடித்தும் திருந்தவில்லை. என்ன செய்வது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அடிப்பதை இன்றே நிறுத்துங்கள். வளைக்குள் பதுங்கும் நரியை வெளியே விரட்டுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் ஜான் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் உருவாக்கிய வம்சம் அது. தோண்டுவது அதன் பிறவிக் குணம். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் மணலை நிரப்பி, அதற்குள் அதன் பந்தைப் புதைத்து வைத்துத் தேட விடுங்கள். பூந்தொட்டிப் பக்கம் போனால் சத்தம் போடாமல் தூக்கி வந்து மணலில் விடுங்கள். காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் ஓட வையுங்கள். ஒரு மாதம் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.