மறைந்த அப்பாவின் பழைய நீராவி எஞ்சின்களைக் குடும்பத்திலேயே வைத்துப் பாதுகாப்பது எப்படி?

அப்பா ஆசையாகச் சேர்த்த நீராவி எஞ்சின்களை விற்க மனமில்லை, இயக்கத் தெரிந்தவரும் வீட்டில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள். அதே சமயம், ஆர்வத்தில் உடனே நெருப்பும் மூட்டிவிடாதீர்கள்.

முதல் கவலை, தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவி உண்டாக்கும் கலனான பாய்லர்தான். சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. அடைபட்ட அந்த விசையை மெலிந்த தகடு தாங்காது. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே வண்டல் படிந்த அடிப்பகுதி குழிகுழியாக அரித்துப் போயிருக்கும். தகுதிபெற்ற பாய்லர் ஆய்வாளரிடம் காட்டி, தகட்டின் தடிமனை அளந்து, குளிர்ந்த நீரால் அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பழைய வெப்பக்காப்பு உறையில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். அதை நீங்களே பிரிக்கவே கூடாது.

இயக்காத காலத்தில் பாய்லருக்குள் அரைகுறையாகத் தண்ணீர் நிற்பதுதான் பெரிய கேடு. முழுவதும் வடித்து, நன்கு உலர்த்துங்கள். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அவ்வப்போது எஞ்சினின் கனமான சுழல்சக்கரமான ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றினால் பிஸ்டன் வளையங்கள் துருவேறி ஒட்டிக்கொள்ளாது.

அப்பாவின் குறிப்பேடுகள், பாய்லர் சான்றிதழ்கள், அவரே செய்த ஸ்பேனர்கள் எதையும் பழைய சாமான் என்று கழித்துவிடாதீர்கள். அவருடன் வேலை பார்த்த நண்பர்கள் இருந்தால் இப்போதே அழைத்து, ஒவ்வொரு வால்வையும் தொட்டுக்காட்டி விளக்கச் சொல்லி வீடியோ எடுங்கள். இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் பராமரிப்பு சிதறிவிடும். வழக்கறிஞரிடம் கேட்டு குடும்ப அறக்கட்டளை அமைத்து, பராமரிப்புப் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்; செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.