மடிக்கணினியில் சரியாக ஓடும் நெட்வொர்க் நிரல், ஆர்ம் போர்டில் மட்டும் முகவரியைத் தவறாகப் படிப்பது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஈதர்நெட் பாக்கெட்டைப் பஃபரில் வாங்கி, அதன் மேல் ஐபி ஹெடரின் ஸ்ட்ரக்ட் பாயிண்டரை வைத்துப் படிக்கும் சி நிரல் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடுகிறது, பழைய ஆர்ம் போர்டில் கிராஷ் ஆகாமலேயே தவறான முகவரிகளைத் தருகிறது. இது அலைன்மென்ட் பிழை, அதாவது 4 பைட் எண் 4இன் மடங்கான நினைவக இடத்தில் தொடங்க வேண்டும் என்பது போன்ற ஒழுங்கு மீறப்படுவது. இதே பிழையில் நான் பல நாட்களை இழந்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் முதலில் பைட் வரிசையைத்தான் (ஒரு எண்ணின் பைட்டுகள் நினைவகத்தில் அடுக்கப்படும் முறையை) சந்தேகித்தேன். ஆனால் பைட் வரிசை புரண்டிருந்தால் நான்கு எண்களுமே தலைகீழாக வந்திருக்க வேண்டும். என் லாகில் 192.168.1.20 என்ற அனுப்புநர் முகவரியில் 192.168 மட்டும் சரியாக இருந்தது. அடுத்த இரண்டு எண்கள் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறின. பெறுநர் 192.168.1.7 ஆக இருக்க வேண்டிய இடத்திலோ 192.168.1.20 என்றே வந்தது. ஹெக்ஸ் டம்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பைட்டாக ஒப்பிட்ட பிறகுதான், மாறிக்கொண்டிருந்த அந்த இரண்டு எண்களும் முகவரிக்குச் சற்று முன்னால் இருக்கும் ஹெடர் செக்சம் (பிழை கண்டறிய உதவும் கூட்டு எண்) என்பது தெரிந்தது.

ஈதர்நெட் ஹெடர் 14 பைட். பஃபர் 4இன் மடங்கில் தொடங்கினால் ஐபி ஹெடர் 14ஆம் பைட்டிலும், அனுப்புநர் முகவரி 26ஆம் பைட்டிலும் தொடங்கும். 26 என்பது 4இன் மடங்கு அல்ல. ஆர்ம் 5ஆம் பதிப்பு வரையிலான பிராசஸர்கள் இப்படிப்பட்ட இடத்தில் 32 பிட்டைப் படிக்கச் சொன்னால், 24இலிருந்து 27 வரை உள்ள பைட்டுகளை எடுத்து, அவற்றைச் சுழற்றித் தந்துவிடும். அதனால்தான் முகவரியின் முதல் பாதியும் செக்சமும் ஒட்டிக்கொண்டு வந்தன. 30ஆம் பைட்டில் தொடங்கும் பெறுநர் முகவரியிலும் இதே கதைதான். அங்கே பின்பாதியாக வந்து சேர்ந்தவை அனுப்புநர் முகவரியின் கடைசி இரண்டு பைட்டுகள்.

ஆர்ம் 7ஆம் பதிப்பில் லினக்ஸ் ஓடும்போது தனியாக ஒரு 32 பிட் எண்ணைப் படித்தால் பிழை வராது. ஆனால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு முகவரிகளையும் கம்பைலர் ஒரே கட்டளையாகச் சேர்த்துப் படித்தால், அந்தக் கட்டளை அலைன்மென்ட் இல்லாத இடத்தை ஏற்காது; கர்னல் குறுக்கிட்டுச் சரிசெய்யாவிட்டால் நிரல் நின்றுவிடும். நடுவில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்ததும் பிழை காணாமல் போவது இதனால்தான். எக்ஸ்86 பிராசஸர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும் என்றாலும் அதை நம்பியிருக்க முடியாது. அலைன்மென்ட் பொருந்தாத பாயிண்டராக மாற்றுவதன் விளைவு வரையறுக்கப்படாதது என்றே சி தரநிலை சொல்கிறது. 16 பிட் பாயிண்டரால் செக்சம் கூட்டும் சுழலை, 16 பைட் அலைன்மென்ட் கட்டாயமான எஸ்எஸ்இ கட்டளைகளாக (பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் எக்ஸ்86 கட்டளைகள்) கம்பைலர் மாற்றும்போது எக்ஸ்86இலும் கிராஷ் ஆகலாம்.

இனி, திருத்தம். பஃபருக்கு முன்னால் 2 பைட் விட்டு, ஐபி ஹெடரை 16இல் தொடங்க வைப்பது பல லினக்ஸ் டிரைவர்களில் உள்ள வழக்கம். நானும் அதைச் செய்து, பிழை தீர்ந்தது என்று எண்ணினேன். ஆனால் அது வேகத்துக்கான ஏற்பாடு மட்டுமே. ஒரு ஈதர்நெட் பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லேன் பாக்கெட்டின் உள்ளே இன்னொரு 14 பைட் ஈதர்நெட் ஹெடர் வருவதால், உள்ளிருக்கும் ஐபி ஹெடர் மறுபடியும் 2 பைட் விலகிவிடுகிறது. டிஎன்எஸ் பதிலிலோ பெயரின் நீளம் எதுவாகவும் இருக்கலாம் என்பதால், அதற்குப் பின்னால் வரும் டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற எண்) எந்த இடத்திலும் விழும்.

ஆகவே பஃபரின் மேல் ஸ்ட்ரக்ட் பாயிண்டரை வைக்கும் பாயிண்டர் காஸ்ட்டையே கைவிடுங்கள். ஒவ்வொரு பைட்டாக எடுத்து ஷிஃப்ட் செய்து எண்ணைக் கட்டும் சிறிய ஃபங்ஷனையே நான் விரும்புகிறேன். பைட் வரிசைச் சிக்கலும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. மெம்காப்பி மூலம் உள்ளூர் மாறிக்கு நகலெடுப்பதும் சரியான வழியே. 4 பைட் என்ற நிலையான அளவு கொடுத்தால், பிராசஸர் அனுமதிக்கும் இடங்களில் கம்பைலர் அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும் என்பதால் வேகம் குறையுமோ என்ற அச்சம் வேண்டாம். உறுப்புகளை இடைவெளியின்றி அடுக்கும் பேக்ட் ஸ்ட்ரக்ட் வேலை செய்யும் என்றாலும், அதன் உறுப்பின் முகவரியை வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பியவுடன் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மீதமுள்ள இடங்களைக் கண்டுபிடிக்க, ஜிசிசியில் காஸ்ட்-அலைன் எச்சரிக்கையை அதன் கண்டிப்பான வடிவில் இயக்குங்கள். சாதாரண வடிவம் எக்ஸ்86இல் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடும். பிறகு அலைன்மென்ட் சானிடைசரோடு (ஓடும்போதே இப்பிழையைக் காட்டும் கம்பைலர் வசதி) தொகுத்து, ஒரே பாக்கெட்டைப் பஃபரில் 0 முதல் 7 பைட் வரை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்து எட்டு முறை படிக்க வையுங்கள். எட்டிலும் ஒரே முகவரி வந்து, சானிடைசரும் எதையும் சொல்லாதிருந்தால், அதே சோதனையை அந்த ஆர்ம் போர்டிலும் ஓட்டிப் பாருங்கள்.