பி.எஸ்சி. உளவியலில் 'பார்ப்பது' பற்றி என்ன படிப்பீர்கள்? கணக்கு வேண்டுமா?

வேலூரில் பி.எஸ்சி. உளவியல் முடித்தவன் நான். சேர்ந்த புதிதில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட "என் மனசுல என்ன ஓடுது, சொல்லு தம்பி" என்பார். நான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு மரப்பலகையைத்தான்.

முல்லர்-லயர் பலகை. 1889இல் வந்த உருவம். இரண்டு கோடுகள்; ஒன்றின் இரு முனையிலும் அம்புத்தலை, மற்றதில் அதே குறி வெளிப்பக்கம் விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். சப்ஜெக்ட், அதாவது சோதனைக்கு உட்காருபவர், அதைத் தள்ளித் தள்ளி இரண்டும் சமம் என்று படும் இடத்தில் நிறுத்த வேண்டும். பின்பக்க அளவுகோலைப் பார்த்து நாம் குறித்துக்கொள்வோம். வலமிருந்து பத்து தடவை, இடமிருந்து பத்து தடவை. அப்புறம் சராசரி, திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது), ரெக்கார்டு நோட்டு. கணக்கு என்றால் இந்த மட்டம்தான். ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்காத நானே தேறினேன்.

அட்டையில் ஒன்று செய்து என் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், கொடுத்தேன். அம்புக் கோடு 18 செ.மீ. ஆயா மற்றதை 15 செ.மீ. பக்கம் நிறுத்தி, "இப்ப சரியா இருக்கு" என்றார். ஸ்கேல் வைத்துக் காட்டினேன். திரும்பத் தள்ளச் சொன்னால் மறுபடி அதே இடம். இதில் ஆயாவைச் சொல்லிக் குற்றமில்லை. பாடம் எழுதி மார்க் வாங்கிய பிறகும் என் கண்ணுக்கு அந்தக் கோடு நீளம்தான். தெரிந்துகொள்வது வேறு, தெரிவது வேறு; பேப்பரில் பாதி இதைச் சுற்றித்தான்.

கவனமும் வரும். 1999இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், பந்து எத்தனை தடவை கைமாறுகிறது என்று எண்ணியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நடுவில் நடந்துபோன கொரில்லா வேஷக்காரரைப் பார்க்கவே இல்லை. ஸ்ட்ரூப் அட்டை ('சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் இருக்கும், மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும்), நினைவு சோதனை எல்லாம் உண்டு, மனப்பாடத்திலேயே ஓட்டிவிடலாம்.

ஒரே படம் வாத்தாகவும் முயலாகவும் மாறி மாறித் தெரியுமே, உளவியலாளர் ஜாஸ்ட்ரோ 1899இல் எடுத்துக்காட்டிய அந்த வாத்து-முயல் படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். செமினாருக்கு நான் அதை எடுக்கவில்லை. நம் வேலூர்க் கோட்டைக்குள், பல காலம் சாமி இல்லாமல் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாக ஒரு சிற்பம் இருக்கிறதே, அதைப் போட்டோ எடுக்கப் போனேன். கூட வந்த ஆயாவிடம் யானை உடம்பைக் கையால் மறைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எம்பத்தொண்ணுல சாமிய உள்ள கொண்டாந்ததுலேருந்து வர்றேன்டா. இந்த மாடு எப்ப வந்துச்சு?"