விளக்கேற்றுமுன் கொஞ்சம் பேசுவோம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நினைவேந்தல் பற்றியவை. அதனால் முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன். காணிப் பிணக்கும் கலியாணப் பொருத்தமும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கடற்கரைக் கிராமத்தில் டிசம்பர் 26 சுனாமி நினைவு நாளை இளைஞர் கழகம் நடத்துகிறது. போன வருடம் கீபோர்ட், ஒக்டபாட் எல்லாம் பிடித்து நினைவுக் கீதங்கள் பாடினோம். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா பாதியிலேயே எழும்பிப் போய்விட்டார். "செத்தவீட்டில் கச்சேரியா?" என்று பெரியவர்கள் ஏசுகிறார்கள். பாட்டே வேண்டாம் என்று விட்டுவிடுவதா?
கழகச் செயலாளர், வடமராட்சி கிழக்கு

பதில்: பாட்டை விடவேண்டாம் தம்பி, கச்சேரியை விடுங்கள். யாழ்ப்பாணத்தில் பாட்டில்லாமல் எந்தப் பிரேதம் படலை தாண்டியிருக்கிறது? சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுகிறோம். மாணிக்கவாசகர் அதை இறைவன் திருமஞ்சனமாடப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்களின் பாட்டாகத்தான் பாடினார். நாங்கள் அதைக் கொண்டுவந்து செத்தவீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டோம், இன்றைக்கு அதன் முதல் அடி காதில் விழுந்தாலே எங்கள் சனத்துக்கு வயிறு கலங்கும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று முறைவைத்துப் பாட்டாகவே இருக்கும். கத்தோலிக்க ஊர்களில் தவக்காலம் வந்தால் வியாகுலப் பிரசங்கம், நடுவில் ஒப்பாரி. ஆகவே பாடக்கூடாது என்ற சட்டம் எங்கேயும் இல்லை.

அந்த அம்மா எழும்பிப் போனது சத்தம் தாங்காமல் என்றுதான் நினைக்கிறேன். ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கரை முன்வரிசைக்கு நேரே வைத்து, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவரின் நெஞ்சில் ஒக்டபாட் அடித்தால் அவர் வேறு என்ன செய்வார்? துக்கத்துக்கான பாட்டில் கேட்பவரும் சேர்ந்து ஒரு வரி முனகுவதற்கு இடம் இருக்கவேண்டும்.

உங்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடத் தெரிந்த வயோதிபர்கள் இன்னும் இரண்டொருவர் இருப்பார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, வலை இழுக்கும் எல்லோரும் திருப்பிச் சொல்லுவார்களே, அந்த முறையை எடுங்கள். ஒருவர் இறந்தவரின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் ஒரே ஒரு வரியைத் திருப்பிப் பாடட்டும். சுருதிக்கு ஆர்மோனியம் போதும், கீபோர்ட் வீட்டில் இருக்கட்டும். பெயர்களைப் பதவி பார்த்து அடுக்காமல் ஒழுங்கை ஒழுங்கையாக வாசியுங்கள். பட்டப்பெயரால் மட்டுமே ஊருக்குத் தெரிந்தவர் என்றால், வீட்டாரிடம் கேட்டுவிட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் "ஓ, அவனா" என்று நாலுபேர் அழுவார்கள்.

காலை 9.25இலிருந்து 9.27வரை நாடு முழுவதும் மௌனம் காக்கும் நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் கோயில் மணியும் மாதா கோயில் மணியும் சேர்ந்து அடிக்கட்டும். ஐயரிடமும் பாதரிடமும் முதல் கிழமையே போய்ச் சொல்லிவையுங்கள், கடைசி நேரத்தில் யார் மணி முதலில் என்று பிரச்சினை வரும். பிறகு ஒரு தேவாரம், ஒரு ஞானப்பாடல், இரண்டும் மைக் இல்லாமல். இவ்வளவும் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் பேச்சு வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: மே 18க்கு எங்கள் ஒழுங்கையில் கஞ்சி காய்ச்சுகிறோம். சிலர் தேங்காய்ப்பாலும் பயறும் போட்டு ருசியாகக் காய்ச்சலாம் என்கிறார்கள். போடலாமா?
வாசகி, நல்லூர்

பதில்: போட்டால் அது ஆடிக்கூழுக்குத் தங்கச்சி ஆகிவிடும். 2009இல் போரின் கடைசிக் கிழமைகளில் முள்ளிவாய்க்காலில் சனம் வரிசையில் நின்று வாங்கியது அரிசியும் தண்ணீருமாக இருந்த கஞ்சி. ருசியில்லாமல் இருப்பதற்காகத்தான் அதைக் காய்ச்சுகிறோம். சிரட்டையில் ஊற்றிக் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை குடித்துவிட்டு "ஏன் அன்ரி இது இப்படிக் கிடக்கு?" என்று கேட்டால், அந்த இடத்திலேயே அடுப்படியில் நின்று பதில் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நினைவேந்தலில் பறை அடிக்கவேண்டும், அது தமிழரின் ஆதிக்கலை என்று நாங்கள் சில மாணவர்கள் முடிவெடுத்தோம். ஆனால் பரம்பரையாக அடித்த குடும்பங்களிடம் போய்க் கேட்டபோது "நாங்கள் அதை விட்டுட்டம், இனிக் கேட்டு வராதேங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். கலையை அவர்களே அழிப்பது சரியா?
பல்கலைக்கழக மாணவர், வலிகாமம்

பதில்: அவர்கள் சொன்னது சரி. நீங்கள் கேட்ட விதம்தான் சரியில்லை.

உங்களுக்குக் கலையாகத் தெரிவது அவர்களின் அப்பாவுக்குக் கட்டாய ஊழியமாக இருந்தது. பெரிய வீட்டில் சாவு விழுந்தால் ஆள் அனுப்புவார்கள், போயாகவேண்டும். வெயிலில் படலைக்கு வெளியே நின்று அடிக்கவேண்டும், தேத்தண்ணி தனிப் பாத்திரத்தில் வரும். அந்த மேளத்தை இனித் தொடமாட்டோம் என்று தூக்கிப் போட்டதே ஒரு போராட்டம். தீண்டாமைக்கு எதிராக 1957இலேயே சட்டம் வந்தது, ஆனாலும் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் ஒன்றும் மாறாததால்தான் 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனார்கள். 1968இல் உள்ளே விடச் சொல்லி மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்று அடி வாங்கினார்கள். அந்த ஒக்டோபர் 21ஐ உங்கள் ஊரில் யாராவது நினைவுகூருகிறீர்களா? மற்ற நாட்களுக்கெல்லாம் பதாகை அடிக்கிறோம், இதற்கு மட்டும் தொண்டை அடைத்துவிடுகிறது.

பறை வேண்டுமென்றால் நீங்கள் படியுங்கள். உங்கள் தோளில் கொழுவுங்கள், உங்கள் அம்மா அப்பா பார்த்துக்கொண்டிருக்க உங்கள் வீட்டு முற்றத்தில் அடித்துப் பழகுங்கள். சொல்லிக்கொடுக்க யாராவது மனமுவந்து வந்தால் சங்கீத வாத்தியாருக்குக் கொடுக்கும் சம்பளத்தையே கொடுங்கள், உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்துங்கள். இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்கவேண்டாம்: உங்கள் ஊரில் சுடலை ஒன்றா, இரண்டா? இரண்டென்றால் நினைவேந்தல் குழுவின் முதல் கூட்டத்தில் அதைப் பேசுங்கள், மேளத்தைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: நினைவு தினத்தில் உலர் உணவுப் பொதி தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். போனேன். பதாகைக்கு முன்னால் நிற்பாட்டி, பொதியைப் பிடித்தபடி சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். முகநூலில் போட்டதை என் மகள் பார்த்து அழுதாள். வாங்காமல் விட்டிருக்கவேண்டுமா?
ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: அம்மா, நீங்கள் வாங்கியதில் ஒரு பிழையும் இல்லை. அரிசி அரிசிதான். படத்தை நீக்கச் சொல்லி மகளைக் கொண்டே ஒரு செய்தி அனுப்புங்கள். நீக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

மீதி நடத்துகிறவர்களுக்கு. கணவனையோ பிள்ளையையோ தேடும் பெண்ணுக்கு ஐந்து கிலோ மாவைவிடத் தேவையான விடயங்கள் எத்தனையோ இருக்கின்றன. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடித் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். இருப்பவர்களுக்கு வழக்குத் தவணைக்குப் போக பஸ் காசு வேண்டும். ஆள் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, காணாமல்போயிருக்கிறார் என்று பதிவாளரிடம் சான்றிதழ் எடுக்க 2016இலிருந்து சட்டத்தில் இடம் உண்டு. அந்தப் படிவத்தை நிரப்பவும், கந்தோரில் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்கவும் படித்த ஒரு பிள்ளை வேண்டும். செம்மணி மனிதப் புதைகுழியில் கிண்டியெடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி மக்களுக்குக் காட்டினார்கள். அடையாளம் பார்க்கப் போன தாய்மாருக்கு அன்றைக்கு யார் கையைப் பிடித்துக்கொண்டு போனது? பொன்னாடைச் செலவையும் பதாகைச் செலவையும் கூட்டிப் பாருங்கள், ஒரு வருடத்துக்கு ஒரு குடும்பத்தின் பஸ் காசு அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: முஸ்லிம்களின் ஒக்டோபர் 30 நினைவு நாளில் தமிழராகிய நாங்கள் கலந்துகொள்ளலாமா? அவர்கள் விரும்புவார்களா?
வாசகர், கொட்டடி

பதில்: கேட்டுவிட்டுப் போங்கள், பின்வரிசையில் இருங்கள், மைக்கைத் தந்தாலும் வாங்காதீர்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் போனவர்களும் இருப்பார்கள். புத்தளத்தில் கொட்டிலில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள், திரும்பி வந்தவர்களுக்கு வீட்டுத்திட்டம், காணி உறுதி என்று இழுபறி. எங்கள் துயரத்துக்கு உலகம் காது கொடுக்கவில்லை என்று சொல்லும் நாங்கள் அரை மைல் தள்ளியிருக்கும் தெருவில் நடக்கும் துஆவுக்குப் போய் அமைதியாக இருந்துவிட்டு வருவதில் என்ன குறைந்துவிடும்? "அந்த நேரத்து நிலைமை அப்படி" என்று மட்டும் தொடங்கவேண்டாம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் பேத்தி செப்டெம்பர் கடைசியில் ஆரஞ்சு நிறச் சேட்டுப் போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். "அம்மம்மா, இது செத்துப்போன பிள்ளைகளுக்காக" என்கிறாள். என்ன விடயம் அது?
அம்மம்மா, கொக்குவில்

பதில்: அந்த நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிக்கூடங்களில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்தார்கள். பலர் வீடு திரும்பவே இல்லை. பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பெண் 1973இல் ஆறு வயதில் அப்படியொரு பள்ளிக்குப் போனபோது, அவருடைய அம்மம்மா வாங்கிக் கொடுத்த புது ஆரஞ்சுச் சேட்டை முதல் நாளே கழற்றிப் பறித்துவிட்டார்கள். அவர் அந்தக் கதையைச் சொன்னதிலிருந்து 2013இல் ஆரஞ்சுச் சேட்டு நாள் தொடங்கியது. 2021இலிருந்து செப்டெம்பர் 30 அங்கே தேசிய நினைவு நாள். பேத்தியிடம் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையையும் சொல்லுங்கள், 1981 ஜூன் 1ஆம் திகதி விடியும்போது 97,000 புத்தகங்கள் சாம்பலாகக் கிடந்தன என்று. சேட்டைப் பறித்த கதை விளங்கிய பிள்ளைக்கு இதுவும் விளங்கும்.

கேள்வி: முதல் சுடரை எம்.பி. ஏற்றலாமா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: வேண்டாம். வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் 2009இல் எந்த நாளில் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. மகன் மே 18இல் விளக்கு ஏற்றுகிறான். மாமியார் திதி பார்த்துத் திவசம் செய்யவேண்டும் என்கிறார். திதி தெரியாமல் எப்படிச் செய்வது?
ஒரு சகோதரி, பருத்தித்துறை

பதில்: இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. மே 18 ஊரோடு சேர்ந்து ஏற்றும் விளக்கு, அதை மகன் ஏற்றட்டும். திதி தெரியாதவர்களுக்கு எங்கள் வழக்கத்திலேயே வழி இருக்கிறது: தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம். மகன் கீரிமலையில் முழுகி, தர்ப்பணம் கொடுத்து, வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோறு சாப்பிட்டால் சரி. ஐயர் திதி கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள், இப்படி வருகிறவர்களை அவர்களும் நிறையப் பார்த்துவிட்டார்கள். ஆனால் மாமியாருக்கு ஒன்று சொல்லுங்கள். நீங்கள் இன்னும் பொட்டோடு காத்திருக்கிறீர்கள் என்றால், அந்தியேட்டியைச் செய்து முடி என்று உங்களை நெருக்க யாருக்கும் உரிமையில்லை, மகன் விரதம் பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. காத்தோட்டிக்காயை முதல் நாளே சந்தையில் வாங்கிவிடுங்கள், அமாவாசையன்று காலையில் போனால் கிடைக்காது.