கேக், பிஸ்கட் எல்லாம் வீட்டிலேயே செய்பவர்கள் உடம்பு ஏறாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பெரம்பூரில் இருக்கிறோம். அடுப்படி மேடையில் ஒரு ஓடிஜி (கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பு) உண்டு, மாதத்தில் மூன்று ஞாயிறாவது அது சூடாகிவிடும். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழசு.

முதலில் செய்த தப்பு, கேக்கையே சத்தான பண்டமாக மாற்றப் பார்த்தது. மைதாவுக்குப் பதில் முழுக்க ராகி மாவு, சர்க்கரைக்குப் பதில் வெல்லம், வெண்ணெய்க்குப் பதில் வாழைப்பழம். வெளியே எடுத்தால் கத்தி இறங்கவில்லை. மைதாவில் இருக்கும் குளூட்டன் என்ற பசைப் புரதம் ராகியில் கிடையாது, உப்பி எழுந்தாலும் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்குக் களியே கிண்டியிருக்கலாமேம்மா" என்றார். வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரைதான், அதனால் அவ்வளவு பாடுபட்டதுக்குப் பெரிய லாபமும் இல்லை.

இப்போது கேக் என்றால் கேக்தான். மைதா, வெண்ணெய், முட்டை எல்லாம் உண்டு. மாற்றியது டின்னை. எட்டு அங்குல டின் பரணுக்குப் போய்விட்டது, ஆறு அங்குலத்தில்தான் செய்கிறேன். அதே உயரத்துக்கு ஊற்றினால் பழைய அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் மாவு பிடிக்கும்.

கூடவே ஒரு சின்னத் தராசு வாங்கினேன். கப்பால் அளந்து கொட்டியவரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒரு கப் சர்க்கரையைத் தராசில் வைத்தால் 200 கிராம். அவ்வளவும் போட்ட கேக்கை எட்டுத் துண்டு போட்டால் துண்டுக்கு 25 கிராம். நாள் முழுக்கவே சேர்க்கும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை காபியை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவேயில்லை! அன்றிலிருந்து ரெசிப்பியில் சொல்வதில் கால் பங்கு சர்க்கரையைக் குறைத்துவிடுகிறேன், வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாதியாகக் குறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஈரத்தைப் பிடித்துவைப்பதும் மேலே நிறம் கொடுப்பதும் சர்க்கரைதான் என்பதால் கேக் வெளிறி வறண்டுவிடும்.

(வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும் ரெசிப்பிகளை மே மாதத்தில் நம்பாதீர்கள். நம்மூர் வெயிலில் அது உருகி ஓடிவிடும்.)

உண்மையைச் சொன்னால், என் விஷயத்தில் கேக்கைவிடப் பெரிய குற்றவாளி மத்தியானச் சாப்பாடு. சாம்பாருக்கு ஒரு தடவை சாதம், ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. என் தட்டு அதை எப்போதோ தாண்டியிருக்கும். இப்போது ரசத்தை டம்ளரில் குடித்துவிடுகிறேன். அவரைக்காயோ புடலங்காயோ, பொரியல் இரண்டு பங்கு. பாசிப்பருப்புக் கூட்டு, வாரம் இரண்டு நாள் கீரை. முருங்கைக்கீரை ஆய அலுப்பாக இருந்தால் ராத்திரியே துணியில் சுற்றி வையுங்கள், காலையில் உதறினால் இலை தானே உதிரும்.

அப்புறம், கேக்கைச் சாயங்காலப் பசியில் தொடுவதில்லை. ஐந்து மணிக்குத் தொட்டால் எனக்கு மூன்று துண்டு உள்ளே போகும். அந்த நேரத்துக்குச் சுண்டல். கேக், மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஒரு துண்டு.

மிச்சத்தை அன்றே எதிர்வீட்டு அக்காவுக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் கொடுத்துவிடுவேன். இதில் ஒரே சிக்கல், அக்கா டப்பாவைக் காலியாகத் திருப்பித் தர மாட்டார். போன வாரம் ஆறு அதிரசம் வந்தது.