கையில் பட்டாலே ஹேண்ட்பாலா? விஏஆர் கேள்வி பதில்

மாவட்டக் கால்பந்து லீக் ஆட்டங்களில் பல வருடமாக விசில் பிடித்தவன் என்பதால், பந்து கையில் பட்டது குற்றமா என்கிற ஹேண்ட்பால் சண்டை எல்லாம் என்னிடம்தான் வந்து சேர்கிறது. இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அண்ணா, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ 2024 போட்டியின் கால் இறுதியில் ஸ்பெயின் வீரர் குகுரேயா கையில் பந்து பட்டதை உலகமே பார்த்தது. ஜெர்மனிக்கு ஏன் பெனால்டி தரவில்லை? இன்னும் வயிறு எரிகிறது.

எனக்கும்தான் தம்பி. 2024 ஜூலை 5, ஸ்டுட்கார்ட். கூடுதல் நேரத்தில் 1-1 என்று இருந்தபோது ஜெர்மனியின் முசியாலா கோலை நோக்கி அடித்த பந்து குகுரேயாவின் கையில் பட்டுத் தெறித்தது. நடுவர் ஆந்தனி டெய்லர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார். வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் அறையும் அவரை மைதான ஓரத் திரைக்குக் கூப்பிடவில்லை. கை கீழே தொங்கியபடி உடலை ஒட்டிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் அவர்கள் பக்க நியாயம். 119-வது நிமிடத்தில் மெரினோ தலையால் முட்டி ஸ்பெயினை ஜெயிக்க வைத்தார். அது பெனால்டி கொடுத்திருக்க வேண்டிய சம்பவம் என்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நடுவர் குழுவே கருதுவதாகச் செப்டம்பரில் செய்தி வந்தது. என் கருத்தும் அதுதான். கோலுக்குப் போகிற பந்து, கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி. நான் ஊதியிருப்பேன்.

கேள்வி: இத்தனை கேமரா இருந்தும் தப்பு நடக்கிறது என்றால் விஏஆர் எதற்கு சார்?

விஏஆர் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தும் இரண்டாவது நடுவர் இல்லை. 2018-இல் விதிப்புத்தகத்தில் சேர்த்தபோது அதற்குக் கொடுத்த வேலை நாலே நாலுதான்: கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறிப்போய் அட்டை காட்டுவது. இந்த நாலிலும்கூட, மைதான நடுவரின் முடிவு பச்சையாகத் தவறாக இருந்தால் அல்லது பெரிய சம்பவம் ஒன்று அவர் கண்ணில் படாமலே போயிருந்தால் மட்டும்தான் தலையிட வேண்டும். இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்கிற சம்பவத்தில் மைதானத்தில் சொன்னதே நிற்கும். ஹேண்ட்பாலில் பாதி அந்த ரகம்.

கேள்வி: ஸ்லோ மோஷனில் பார்த்தால் எல்லாமே வேண்டுமென்றே செய்தது போலத் தெரிகிறதே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மாஸ்கோ. பிரான்ஸ் 1, குரோவேஷியா 1. பிரான்ஸின் கிரீஸ்மன் கார்னர் அடிக்கிறார். குரோவேஷியாவின் பெரிசிச்சுக்கு முன்னால் பிரான்ஸின் மட்டூடி எகிறுகிறார், பந்து அவருக்கு எட்டவில்லை. அவர் உடல் மறைத்திருந்த பந்து சட்டென்று வெளிப்பட்டு, பின்னால் நின்ற பெரிசிச்சின் கையில் படுகிறது. சாதாரண வேகத்தில் பாருங்கள்: கண் சிமிட்டும் நேரம். அதையே மெதுவாக ஓட்டினால் கை நிதானமாகப் பந்தைத் தேடிப் போவது போல இருக்கும். நடுவர் பித்தானா திரைக்குப் போனார், பார்த்தார், திரும்பினார், மனம் கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தார். அப்புறம் பெனால்டி. 38-வது நிமிடத்தில் கிரீஸ்மன் கோல் போட்டார். முடிவில் 4-2.

அப்போதைய விதி, தெரிந்தே கையால் தொட்டால்தான் குற்றம் என்றது. கை பந்தை நோக்கிப் போனதா, பந்து எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று பார்க்கச் சொன்னது. அந்தக் கணக்கில் நான் அதைப் பெனால்டி என்று சொல்லமாட்டேன்.

பந்து எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் மெதுவாக ஓட்டலாம்; அது ஹேண்ட்பால் குற்றமா என்று முடிவு செய்ய சாதாரண வேகத்தில் பார்க்க வேண்டும் என்று விஏஆர் நெறிமுறையே சொல்கிறது. கை பட்டதா என்பதற்குக் கேமரா சாட்சி சொல்லும். குற்றமா என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும். நம் சண்டை எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருவது.

கேள்வி: பந்துக்குள் சென்சார் வைத்தாகிவிட்டதே, இனி சந்தேகமே இல்லையே?

அதே யூரோவில் பெல்ஜியம்–ஸ்லோவாக்கியா ஆட்டத்தைப் பாருங்கள். பெல்ஜியத்தின் லுகாகு போட்ட கோலுக்கு முன்னால் அவரது சக வீரர் ஓபெண்டா கையில் பந்து பட்டது. பந்துக்குள் இருக்கும் சென்சார் நொடிக்கு 500 முறை அசைவைப் பதிவு செய்கிறது. ஈசிஜி கோடு போலத் திரையில் ஒரு துள்ளல் தெரிந்தது, கோல் ரத்து, பெல்ஜியம் 0-1 என்று தோற்றது. அந்தத் துள்ளல் சொன்னது பட்டது என்பதை மட்டும். சக வீரரின் கையில் தற்செயலாகப் பட்டு, அப்புறம் வேறொருவர் கோல் போட்டால் அது செல்லும் என்று 2021-இல் விதி மாறிவிட்டது. அதனால் ஓபெண்டாவின் கை இருந்த நிலை குற்றமா என்பதை நடுவர்தான் தீர்மானித்தார். கோல் போட்டவர் கையிலேயே பட்டிருந்தால் பேச்சே இல்லை, தற்செயலானாலும் கோல் செல்லாது.

கேள்வி: தோளில் பட்டால்?

குற்றமில்லை. அக்குளின் அடிப்பகுதிக்கு நேராகக் கையைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கை, மேலே தோள்.

கேள்வி: தெரியாமல் கையில் பட்டு கோல் தடுக்கப்பட்டாலும் சிவப்பு அட்டையா?

2024-25 முதல் இல்லை. பெனால்டியோடு மஞ்சள் அட்டை போதும். 2010 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராக உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டில் நின்று கையால் தட்டினாரே, அந்த மாதிரி வேண்டுமென்றே செய்தால் இன்றும் சிவப்புதான்.

கேள்வி: விஏஆரையே தூக்கிவிட்டால் என்ன?

2024 ஜூனில் உல்வ்ஸ் அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவந்தது. 19 அணிகள் எதிர்த்து வாக்களித்தன. 2009-இல் பிரான்ஸின் ஆன்றி கையால் பந்தை அடக்கிக் கொடுத்து, சக வீரர் கல்லாஸ் கோல் போட்டு, அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போக முடியாமல் நின்றதே, அந்த இரவை நினைத்தால் என்னால் தூக்கச் சொல்ல முடியவில்லை.

கேள்வி: என் மகன் அண்டர் 15 டிஃபெண்டர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே ஓடச் சொல்கிறார் கோச். சரியா சார்?

நீங்களே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிப் பத்து அடி ஓடி, சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடல் தள்ளாடும். கை வீசாமல் ஓடவோ எகிறவோ முடியாது. அந்த அசைவுக்கு இயல்பாகக் கை எங்கே இருக்குமோ அங்கே இருக்கலாம் என்று விதியும் ஒத்துக்கொள்கிறது. ஓடும்போது பையன் தாராளமாகக் கை வீசட்டும். ஷாட்டைத் தடுக்க நிற்கும் அந்தக் கடைசி நொடியில் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளப் பழக்குங்கள். பந்து பட்டால் நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கத்தாமல், அடுத்த பந்துக்கு ஓடச் சொல்லுங்கள். விசில் வரும் வரை ஆட்டம் உயிரோடுதான் இருக்கிறது.